அந்த 11-வது ரவுண்டை இன்னொரு முறை பாருங்கள்

குத்துச்சண்டை ஆணையங்களின் கூட்டமைப்புக்கும், நெவாடா, நியூயார்க் உள்ளிட்ட மாநில ஆணையங்களுக்கும், டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய நான்கு உலக அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

லாஸ் வேகாஸின் சனிக்கிழமை இரவுச் சண்டை சென்னைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்து சேரும். 2011 ஆகஸ்ட் 14 காலையில் நான் பார்த்தது ஜோசப் அக்பெகோவும் அப்னெர் மாரெஸும் மோதிய சண்டை. ஐபிஎஃப் பாண்டம்வெயிட் பட்டம் அப்போது கானா நாட்டு அக்பெகோவிடம் இருந்தது. மாரெஸ் அதுவரை தோல்வியே காணாதவர். இரண்டு பேரும் அந்த எடைப்பிரிவின் முதல் வரிசை வீரர்கள். அப்படிப்பட்ட சண்டையை நினைத்தால், இன்றுவரை எனக்கு முதலில் ஞாபகம் வருவது நடுவரின் முகம்தான்.

முதல் ரவுண்டிலேயே அக்பெகோ கீழே விழுந்தார். கால் சிக்கி விழுந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது. நடுவர் ரஸல் மோரா அதை நாக்டவுன் என்றார், அதாவது எதிராளியின் சரியான குத்தில் விழுந்ததாகக் கணக்கு. சரி, ஒரு நொடியில் நடந்தது, யாருக்கும் கண் தப்பலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மாரெஸின் குத்துகள் இடுப்புக்குக் கீழே விழ ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நடுவர் எச்சரித்தார், மறுபடியும் எச்சரித்தார். ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை.

பதினொன்றாவது ரவுண்டு வந்தது. மாரெஸின் குத்து அக்பெகோவின் கவட்டையிலேயே போய் விழுந்தது. பெல்ட்டை ஒட்டி, இதுவா அதுவா என்று வாதாடும் இடத்தில் இல்லை, நன்றாகக் கீழே. அக்பெகோ வலியில் சுருண்டு விழுந்தார். நடுவர் தள்ளி நிற்கவில்லை, பக்கத்திலேயே இருந்தார். சண்டையை நிறுத்தி, அடிபட்டவருக்கு ஓய்வு கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அதுவும் நாக்டவுன் ஆகிவிட்டது.

சண்டை முடிந்ததும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைக் காட்டி மோராவிடம் கேள்வி கேட்டார்கள். தான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னேன் என்ற நிலையிலேயே அவர் இருந்தார். அவர் மனதில் கள்ளம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மனிதனின் உள்ளே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாத விஷயம். உலகமே பார்த்துவிட்ட ஒரு காட்சியை, தீர்ப்பு சொல்பவர் மட்டும் பார்க்காமலேயே அந்தச் சண்டையை நடத்தி முடித்தார். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ரிங் ஓரத்தில் உட்கார்ந்து ரவுண்டுக்கு ரவுண்டு புள்ளி போடும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் 113-113 என்று சமமாகப் போட்டார். மற்ற இருவரும் 115-111 என்று மாரெஸுக்குக் கொடுத்தார்கள். நாக்டவுன் விழுந்த ரவுண்டு வழக்கப்படி 10-8, அதாவது வீழ்த்தியவருக்கு 10, விழுந்தவருக்கு 8. அந்தப் பதினொன்றாவது ரவுண்டில் நாக்டவுன் இல்லை என்று வையுங்கள். ரவுண்டு 10-9 என்று அக்பெகோவுக்குப் போயிருந்தால் அந்த இரண்டு நீதிபதிகளின் புள்ளி அட்டைகளும் மாரெஸுக்கு 114-113 ஆகிவிடும். லோ ப்ளோவுக்காக, அதாவது இடுப்புக்குக் கீழே குத்தியதற்காக, மாரெஸுக்கு ஒரே ஒரு புள்ளி குறைத்திருந்தால் 113-113. மூன்றாவது அட்டை அக்பெகோ பக்கம் சாய்ந்துவிடும். ஆக மொத்தம் சண்டை டிரா, பட்டம் அக்பெகோவிடமே இருந்திருக்கும். முதல் ரவுண்டை நான் தொடவே இல்லை. ஒரு ரவுண்டில், ஒரு குத்தில், ஒரு மனிதரின் உலகப் பட்டம் கைமாறிப் போயிருக்கிறது.

ஐபிஎஃப் உடனே மறுசண்டைக்கு உத்தரவிட்டது. அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன், மனதாரச் சொல்கிறேன். டிசம்பர் 3 அன்று அனஹெய்மில் நடந்த அந்தச் சண்டையில் மூன்று நீதிபதிகளும் மாரெஸுக்கே வெற்றி கொடுத்தார்கள். பிறகென்ன, திறமையானவன் ஜெயித்துவிட்டானே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அங்கேதான் வயிறு எரிகிறது. மாரெஸ் நேர்மையாகவே ஜெயிக்கக்கூடியவர் என்பதை அந்த டிசம்பர் இரவு காட்டியது. அப்படிப்பட்டவருக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டத்தின் மேல் ஆகஸ்ட் மாதமே கறை பூசியாயிற்று. நடுவர் கண்டிப்பாக இல்லாததால் நஷ்டப்பட்டவர்களில் மாரெஸும் ஒருவர்.

நானும் கையுறை மாட்டியவன். வடசென்னையில் ஒரு பயிற்சிக் கூடத்தில் ஐந்து வருடம் பழகினேன். 19 வயதில் ஒரு போட்டியில், இரண்டாவது ரவுண்டில், எனக்கும் அந்த இடத்தில் அடி விழுந்தது. டிரவுசருக்குள் கார்டு, அதாவது கவட்டைக்கான பாதுகாப்புக் கவசம், போட்டிருந்தேன். கார்டு போட்டால் வலிக்காது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அடி பட்ட முதல் நொடியில் ஒன்றும் தெரியாது. அடுத்த நொடி அடிவயிற்றிலிருந்து ஒன்று மேலே ஏறிவரும், தொண்டைவரை வந்து குமட்டும். தொடை இரண்டும் தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும். காது அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்குள்ளே என் மாஸ்டர் “ரெஃப்ரி, லோ! லோ!” என்று கத்தியது எங்கோ தெருமுனையிலிருந்து வருவது போலக் கேட்டது. நடுவர் என் முன்னால் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு வந்தபோது எழுந்து நின்றேன். அப்புறம் மூன்று நிமிடம் நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. தோற்றேன்.

உடை மாற்றும் இடத்துக்கு எதிராளிப் பையன் தேடி வந்தான். “தெரியாம பட்டுடுச்சுண்ணா” என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. தீர்ப்பு மட்டும் வேறாக இருந்தது. வலி அன்று ராத்திரியே போய்விட்டது. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து எண்ணினார்களே, அதை மறக்க எனக்கு வெகுகாலம் ஆனது.

என்னுடையது ஒரு சின்னப் போட்டி. கென் புக்கானனுக்கு நடந்தது உலகப் பட்டச் சண்டை. 1972 ஜூன் 26, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லைட்வெயிட் சாம்பியன் புக்கானன், எதிரில் பனாமாவின் 21 வயது ரொபெர்டோ டுரான். பதின்மூன்றாவது ரவுண்டு முடியும் மணியோடு மணியாக டுரானின் குத்து கீழே இறங்கியது. புக்கானன் கவட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அது உடம்பில் விழுந்த சரியான குத்து என்று நடுவர் ஜானி லோபியாங்கோ முடிவு செய்தார். புக்கானனால் தொடர முடியாது என்று சொல்லி வெற்றியை டுரானுக்குக் கொடுத்துவிட்டார். டுரான் புள்ளிகளில் நன்றாக முன்னே இருந்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முன்னே இருப்பவன் மணிக்குப் பின்னால் கீழே குத்தலாம் என்று எந்த விதிப் புத்தகத்தில் இருக்கிறது? புக்கானனுக்கு மறுசண்டை கிடைக்கவே இல்லை. பல வருடம் கழித்தும் அந்த வலி தன்னை விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2023 ஏப்ரலில் 77 வயதில் இறந்துபோனார்.

இதற்கு நேரெதிரான சண்டை ஒன்றும் உண்டு. அதே 2023-ல் ஆகஸ்ட் 26, போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரம். ஹெவிவெயிட் சாம்பியன் ஒலெக்சாண்டர் உசிக்கை ஐந்தாவது ரவுண்டில் டேனியல் டுபுவாவின் வலது கை கீழே தள்ளியது. நடுவர் லூயிஸ் பாபோன் அதை லோ ப்ளோ என்றார். உசிக் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓய்வெடுத்துக்கொண்டு வந்தார், ஒன்பதாவது ரவுண்டில் டுபுவாவை முடித்தார். குத்து விழுந்த இடம் டிரவுசரின் இடுப்புப் பட்டை. அது சரியான குத்து என்று டுபுவா தரப்பு சொன்னது, ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நான் அந்தக் காட்சியைப் பத்து முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். கீழே என்று ஒரு நாள் தோன்றுகிறது, சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று இன்னொரு நாள். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் உசிக் அதே ஐந்தாவது ரவுண்டில் டுபுவாவை நாக்அவுட் செய்து தன் திறமையைச் சந்தேகமில்லாமல் காட்டினார். வ்ரோட்ஸ்வாஃபில் விழுந்த குத்து பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஏன் நிற்கிறது? எது இடுப்பு என்பதே ஒவ்வொரு சண்டையிலும் மாறுகிறது. இடுப்பெலும்பின் மேல்பகுதியைக் கணக்கில் வைத்துத்தான் கோடு. ஆனால் வீரர்கள் டிரவுசரைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் கார்டும் கூடவே ஏறுகிறது. சண்டை தொடங்கும் முன் நடுவர் ரிங்கின் நடுவில் இரண்டு பேரையும் நிறுத்தி, டிரவுசரைத் தொட்டு, இதற்கு மேலே சரி, இதற்குக் கீழே தப்பு என்று சொல்கிறார். அது அந்த மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ரிங்குக்கு வெளியே இருக்கும் நீதிபதிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கோடு எங்கே என்று உடை மாற்றும் அறையிலேயே பார்த்து முடிவு செய்து, இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கி, சண்டைக்கு முன்பே திரையில் காட்டிவிடுங்கள். டிரவுசர் உயரமாக இருந்தால் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். இதற்குக் காசு செலவாகாது.

கண்டிப்பான நடுவரே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1996 ஜூலை 11, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆண்ட்ரூ கோலோட்டா ரிடிக் போவை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். கூடவே கீழேயும் குத்திக்கொண்டே இருந்தார். நடுவர் வெய்ன் கெல்லி மூன்று முறை புள்ளி குறைத்தார், அதற்கும் கோலோட்டா அடங்காததால் ஏழாவது ரவுண்டில் அவரைத் தகுதி நீக்கம் செய்தார். அதன் பிறகு ரிங்குக்குள் பெரிய கலவரமே நடந்தது, நாற்காலிகள் பறந்தன. ஆனால் கெல்லியின் தீர்ப்பை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. எச்சரிக்கை, புள்ளி, மறுபடியும் புள்ளி, கடைசியில் வெளியேற்றம் என்று படிப்படியாகப் போனார். அந்த ஒழுங்கை ஒரு நல்ல நடுவரின் மனசாட்சிக்கு விட்டுவிடாதீர்கள், விதியாக எழுதுங்கள். இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு மூன்றாவதற்கு ஒரு புள்ளி கட்டாயம் போக வேண்டும். இது இருந்திருந்தால் அக்பெகோ பதினொன்றாவது ரவுண்டுவரை அப்படி அடி வாங்கியிருக்க வேண்டியதில்லை.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்த விஷயம். நாக்டவுனா, லோ ப்ளோவா என்ற சந்தேகத்தை, ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் வீடியோ பார்த்துத் தீர்க்க வேண்டும். நெவாடாவில் வீடியோ இருக்கிறது என்று சொல்வீர்கள். இருந்தது, 2011-லும் இருந்தது. சண்டையை முடித்துவைக்கும் நிகழ்வுக்கு மட்டுமே அதைப் பார்க்கலாம் என்று விதி இருந்ததால் அக்பெகோவுக்கு அது உதவவில்லை. 2020 நவம்பரில் அதே லாஸ் வேகாஸில் ஜோஷுவா ஃபிராங்கோ – ஆண்ட்ரூ மலோனி சண்டையில் வீடியோ பார்த்தீர்கள். ஃபிராங்கோவின் கண் வீங்கியது தலை மோதியதாலா, குத்தினாலா என்று இருபது நிமிடத்துக்கும் மேலாகப் பார்த்துவிட்டு, நடுவர் சொன்னதையே உறுதி செய்தீர்கள். அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் வீடியோவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பதற்கென்று தனியாக ஒருவர் வேண்டும், அவருக்கு ஒரு நிமிடம்தான் நேரம், தெளிவாகத் தெரியாவிட்டால் நடுவர் சொன்னதே நிற்கும் என்று வையுங்கள். அவ்வளவு போதும்.

நடுவரின் மரியாதை போய்விடும் என்று உங்களில் சிலர் பயப்படுவது எனக்குத் தெரியும். கிரிக்கெட்டிலும் அப்படித்தான் பயந்தார்கள். 1992 நவம்பரில் டர்பனில் முதல் முறையாகத் தொலைக்காட்சி பார்த்து அவுட் கொடுத்தார்கள், போனது எங்கள் சச்சின் டெண்டுல்கர். எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் அவுட் என்பதில் சந்தேகம் இல்லாமல் போனது. உங்கள் விளையாட்டிலேயே இன்னும் பழைய உதாரணம் இருக்கிறது. 1930 ஜூன் 12, யாங்கி ஸ்டேடியம். ஜாக் ஷார்க்கியின் குத்தில் மாக்ஸ் ஷ்மெலிங் நான்காவது ரவுண்டில் விழுந்தபோது நடுவர் ஜிம் குரோலிக்குச் சந்தேகம் வந்தது. அவர் ரிங் ஓரத்தில் இருந்த நீதிபதிகளைக் கேட்டார். குத்து கீழேதான் விழுந்தது என்று அவர்களில் ஒருவர் உறுதியாகச் சொன்ன பிறகே தீர்ப்பு கொடுத்தார். ஷ்மெலிங் தரையில் கிடந்தபடியே உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அது சரியான தீர்ப்புதானா என்று இன்றும் பேசுகிறார்கள், பேசட்டும். அன்றைக்கு ஒரு நடுவர் தன் கண்ணை மட்டும் நம்பாமல் இன்னொருவரைக் கேட்டார். அத்தனை கேமரா சுற்றி நின்ற 2011-ல் அதுகூட நடக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு பட்டச் சண்டையிலும் வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கை அமைப்புகள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கொடுத்தவருக்கு ஒரு பதில் கொடுங்கள். சர்ச்சை வந்த ஒவ்வொரு தீர்ப்புக்கும், அந்த நடுவர் எழுதிய அறிக்கையை இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். நடுவரைத் திட்டுவதற்காக இதைக் கேட்கவில்லை. எதைப் பார்த்தார், எங்கே நின்றார், ஏன் அப்படி நினைத்தார் என்று அவர் வாயாலேயே சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

ஆணையங்களின் கூட்டமைப்பு வருடாவருடம் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுங்கள். எடுப்பதற்கு முன்னால், விளக்கை அணைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து அக்பெகோ – மாரெஸ் முதல் சண்டையின் பதினொன்றாவது ரவுண்டைப் பாருங்கள். மூன்றே நிமிடம்தான். மெதுவாக ஓட்ட வேண்டாம், சாதாரண வேகத்திலேயே பாருங்கள். பார்த்து முடித்ததும் கை தூக்கச் சொல்லுங்கள், அது நாக்டவுன் என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று.

இப்படிக்கு,
ஞாயிறு காலைகளில் உங்கள் சண்டைகளைப் பார்க்கும்,
வடசென்னைக்காரன் ஒருவன்