'சி பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதித் தர வேண்டாம்

ஆசிரியருக்கு,

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்திலிருந்து வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுப்பவருக்கு 'ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமி) பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பரிசோதனை காட்டுவது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) மட்டுமே. கிருமி எப்போதோ உடலுக்குள் வந்தது என்பதே அதன் பொருள். தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேர் மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் கிருமியை விரட்டிவிடுகிறார்கள். அதன்பிறகும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் தங்கும். கிருமி இப்போது இருக்கிறதா என்பதை, இரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ பிசிஆர் பரிசோதனைதான் சொல்லும்.

யார் விரட்டுவார், யாருக்குத் தங்கிவிடும் என்பதில் பிறவிக்கூறுக்குப் பெரும் பங்குண்டு. 19-ஆம் குரோமோசோமில் ஐஎல்28பி மரபணுவுக்கு அருகே டிஎன்ஏ-வின் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் 'சி' எழுத்தைப் (இது டிஎன்ஏ எழுத்து, நோயின் 'சி' அல்ல) பெற்றவருக்குக் கிருமி தானாக நீங்கும் வாய்ப்பு அதிகம் என்று 2009-இல் தெரியவந்தது. கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே இது வேறுபடலாம். அண்ணனுக்குத் தானாகப் போனது என்று தம்பி காத்திருந்தால், கல்லீரல் சத்தமில்லாமல் தழும்பேறும். மதுப்பழக்கமோ கொழுப்புக் கல்லீரலோ இருந்தால், பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகை அந்தத் தழும்பை விரைவுபடுத்தும்.

கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடித்துப் பத்தியம் இருந்ததால் காமாலை போனது என்பார்கள். ஆனால் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் பெரும்பாலும் தாமாகவே ஆறுபவை. சி வகையில் பலருக்குக் காமாலையே வராது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 48 வாரம் இண்டர்பெரான் என்ற பழைய மருந்தை ஊசியாகப் போட்ட காலத்தில் அது பயன்பட்டது. இன்று சோபோஸ்புவிர் 400 மி.கி., வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்று வீதம் 12 வாரம் சாப்பிட்டால், எந்த எழுத்துக்காரராயினும் பெரும்பாலோருக்குக் குணமாகிறது. நாள் தவறினால் மருந்தின் பலன் கெடும். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வெல்பட்டாஸ்விர் உடலில் சேருவதைக் குறைக்கும். தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி-யும் பார்த்துவிட வேண்டும். சி அடங்கும்போது பதுங்கியிருந்த பி தலைதூக்கக்கூடும். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி பிசிஆர் எடுக்க வேண்டும்.

2018 முதல் மத்திய அரசின் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கள் கடற்கரை ஊர்களின் லேப்கள் ரிப்போர்ட்டில், 'எதிர்ப்பொருள் உள்ளது. ஆர்என்ஏ பார்க்கவும்' என்று தமிழில் ஒரு வரி சேர்த்துத் தர வேண்டும்.

– ஆய்வக நுட்புநர்கள் சிலர்,
இராமநாதபுரம்