தப்புக் கணக்குக்குள் ஒரு சரியான கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

வட்டத்தைச் சதுரமாக்க, அதாவது அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒரு வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை வரைய, முயன்று தோற்றவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் கிரிகோரி செயின்ட் வின்சென்ட்டை இரண்டே வரியில் கிண்டலடித்துவிட்டுப் போனது நியாயமில்லை.

புரூஜ் நகரில் பிறந்த இந்த இயேசு சபைப் பாதிரியார், 1631இல் பிராகா நகரைப் படைகள் நெருங்கியபோது, கையெழுத்துப் பிரதிகளை விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. சபைத் தோழர் ஒருவர் காப்பாற்றிவைத்த தாள்கள் அவர் கைக்கு வந்து சேரப் பத்தாண்டு ஆனது. வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்று சொல்லும் அவர் புத்தகம் 1647இல் ஆண்ட்வெர்ப்பில் வெளிவந்தது. 1,200 பக்கத்துக்கும் மேல். முகப்புப் படத்தில், சதுரச் சட்டம் வழியே வரும் வெயில் தரையில் வட்டமாக விழுகிறது. தன்னம்பிக்கைக்குக் குறைச்சலில்லை!

1651இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், 22 வயதில், அந்த வாதத்தின் ஓட்டையைக் காட்டிவிட்டார். சரி, அது தோல்விதான். கட்டுரையாளர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அதே புத்தகத்தில் அதிபரவளையம் (hyperbola) என்ற வளைவரை பற்றிய பகுதியும் இருக்கிறது. இன்றைய குறியீட்டில் சொன்னால், y = 1/x வளைவரையின் கீழே 1 முதல் 2 வரை உள்ள பரப்பும், 2 முதல் 4 வரை உள்ளதும், 4 முதல் 8 வரை உள்ளதும் சமம். அகலம் இரட்டிக்கிறது, உயரம் பாதியாகிறது, இரண்டும் ஈடுகட்டிக்கொள்கின்றன. எல்லை பெருக்கலில் போக, பரப்பு கூட்டலில் போகிறது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கை (logarithm) செய்வதும் இதைத்தானே! 1649இல் இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னவர் அவருடைய சபையைச் சேர்ந்த டி சரசா. பிளஸ் டூவில் 1/xஐத் தொகையிட்டு log x என்று எழுதும் பிள்ளைகளுக்கு செயின்ட் வின்சென்ட் பெயர் தெரிய வேண்டாமா?

அப்புறம் ஒரு திருத்தம். பையின் (π) தசமங்கள் முடிவில்லாமல் போவதால்தான் வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்று கட்டுரை சொல்கிறது. √2இன் தசமங்களும் முடிவதில்லை. ஆனால் ஓரலகுச் சதுரத்தில் ஒரு மூலைவிட்டம் போட்டால் √2 நீளம் கிடைத்துவிடும். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு வரையக்கூடிய நீளம் எதுவும், முழு எண் கெழுக்கள் கொண்ட ஏதோ ஒரு பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டின் (√2க்கு x² − 2 = 0 போல) தீர்வாக இருந்தாக வேண்டும். பை அப்படிப்பட்ட எதற்கும் தீர்வாகாது என்று 1882இல் ஜெர்மன் கணித அறிஞர் லிண்டமன் நிரூபித்தார். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குச் சமமான சதுரத்தின் பக்கம் √பை; அதுவும் அப்படியே என்பது அதிலிருந்தே வந்துவிடும். முடியாது என்பதற்குக் காரணம் அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்