இளம் கோல்கீப்பர்களுக்கு ஆட்டம் கொடுங்கள்: ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கும் உங்கள் நாட்டின் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஆடும் கிளப்புகளின் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

2025 நவம்பரில் ஹாம்ப்டன் பார்க்கில் டென்மார்க்கை 4-2 என வென்று, 1998-க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில், உங்கள் கோலைக் காத்து நின்றவர் 42 வயது கிரெய்க் கோர்டன். அவர் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆனால் அவருக்குப் பின் யார் என்ற கேள்வி அன்றைய மகிழ்ச்சிக்கு நடுவிலும் என்னை விடவில்லை. அதனால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

கிளாஸ்கோவில் பிறந்த கோல்கீப்பர் டேவிட் மார்ஷலின் தொடக்க ஆண்டுகளை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 2004 மார்ச் 11 அன்று, அவரது கிளப்பான செல்டிக்கின் மைதானமான செல்டிக் பார்க்கில், பார்சிலோனாவுக்கு எதிரான யுஇஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பியக் கிளப்புகளுக்கான போட்டி) ஆட்டத்தின் இடைவேளையில், வீரர்கள் உள்ளே செல்லும் வழியில் நடந்த கைகலப்புக்காக செல்டிக் கோல்கீப்பர் ராப் டக்ளஸ் வெளியேற்றப்பட்டார். 19 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகாத மார்ஷல் இரண்டாம் பாதியில் இறங்கினார். ஒரு கோலும் விடவில்லை. செல்டிக் 1-0 என வென்றது. இரண்டு வாரம் கழித்து, அதே சுற்றின் மறு ஆட்டத்தில், பார்சிலோனாவின் சொந்த மைதானமான கேம்ப் நூவில் ஆட்டம் முழுவதும் நின்று, வந்த பந்துகளையெல்லாம் தடுத்து, 0-0 என்ற சமநிலையோடு தம் அணியை அடுத்த சுற்றுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய அணிக்கும் ஆடினார்.

அந்தக் கைகலப்பு நடந்திராவிட்டால் அவருக்கு வாய்ப்பு எப்போது வந்திருக்கும்? இளம் முன்கள வீரரைக் கடைசி இருபது நிமிடங்களுக்கு இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வழியே இல்லை. முதல் தேர்வு கோல்கீப்பர் காயப்பட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும். அதுவரை மாற்று வீரர்களின் இருக்கையில் அமர்ந்திருப்பவர், கார்னர் பந்துக்கு எப்போது வெளியே வருவது, தற்காப்பு வீரர்களை எந்தக் குரலில் நகர்த்துவது என்பதையெல்லாம் பயிற்சியில் மட்டுமே கற்க வேண்டியிருக்கிறது. அங்கே கற்பது அரைகுறைதான்.

மார்ஷலுக்குக் கிடைத்த இடம் நிலைப்பதும் எளிதாக இருக்கவில்லை. 2005 ஜூலையில் பிராட்டிஸ்லாவாவில் ஸ்லோவாக்கியாவின் ஆர்ட்மீடியா அணியிடம் செல்டிக் 5-0 எனத் தோற்றபோது கோலில் நின்றவர் மார்ஷல். அதன்பின் அவரது இடம் ஆர்தர் போருட்ஸுக்குப் போயிற்று. போருட்ஸ் மிகச் சிறந்த கோல்கீப்பர் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் 20 வயதுக்காரர் பெரிய கிளப்பில் தவறு செய்து தேறுவதற்கு எவ்வளவு குறைந்த அவகாசமே இருக்கிறது என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. 2007-ல் மார்ஷல் நாரிச் கிளப்புக்குச் சென்றார், பிறகு கார்டிஃப் கிளப்புக்கு. 2020 நவம்பர் 12 அன்று பெல்கிரேடில் செர்பிய வீரர் மித்ரோவிச்சின் பெனால்டியைத் தடுத்து ஸ்காட்லாந்தை யூரோ போட்டிக்கு அழைத்துச் சென்றபோது அவருக்கு வயது 35.

கோர்டனின் தொடக்கம் வேறு விதம். 2001-02 பருவத்தில் அவரது கிளப்பான ஹார்ட்ஸ் அவரைக் கீழ்ப்பிரிவில் இருந்த கௌடன்பீத் கிளப்புக்கு இரவல் வீரராக அனுப்பியது. சிறிய மைதானம்தான், ஆனால் புள்ளிகளுக்காக நடக்கும் உண்மையான ஆட்டங்கள். 2004 மே மாதத்தில், 21 வயதில், அவரும் ஸ்காட்லாந்துக்காக ஆடிவிட்டார். யாருடைய சிவப்பு அட்டைக்கும் காத்திராமல் கிடைத்த அனுபவம் அது.

இளம் வீரர்கள் மேல்நிலைக் கிளப்பிலும் கீழ்நிலைக் கிளப்பிலும் மாறி மாறி ஆடுவதற்கு நீங்கள் கொண்டுவந்துள்ள ஒத்துழைப்பு முறையை மனமார வரவேற்கிறேன். அதில் கோல்கீப்பர்களுக்கு முதலிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பிரீமியர்ஷிப் கிளப்பும் 21 வயதுக்கு உட்பட்ட ஒரு கோல்கீப்பரையாவது பருவம் முழுவதும் கீழ்ப்பிரிவில் ஆட அனுப்பட்டும். லீக் கோப்பையின் தொடக்கச் சுற்று ஆட்டங்களைத் தம்மிடம் உள்ள இளையவரிடம் ஒப்படைக்கட்டும். அவர் ஒரு நாள் ஐந்து கோல் விட்டாலும் அடுத்த சனிக்கிழமை அவரையே மீண்டும் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாட்டுக் கால்பந்தை நேசிக்கும் ஒரு ரசிகன்