ஷவலைப் பற்றி உன் மகனுக்கு

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள சம்பந்தம்,

நலம், நலமறிய ஆவல். சின்னவனுக்கு சிங்ரௌலி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நெய்வேலியில் நீ காலமெல்லாம் பராமரித்த பக்கெட் வீல் இயந்திரம் நிற்காமல் மண்ணைச் சுரண்டி பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருப்பது. அவன் பார்க்கப்போகும் மின்சார ஷவலோ, வெடிவைத்துத் தளர்த்திய பாறையை வாளி வாளியாக அள்ளி, மேல்பகுதி முழுவதையும் திருப்பி டம்பர் லாரியில் போட்டுவிட்டு மீண்டும் பாறைக்குத் திரும்புவது. அதில் எந்தப் பாகத்தை அவன் முதலில் கற்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். ஆயுள் முழுவதும் கியர் வெட்டிய கை என்பதால் என் பதில் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது வாளியின் மேல்தான். அதைத் தூக்குவது ஹாய்ஸ்ட் டிரம், கயிற்றைச் சுற்றி இழுக்கும் பீப்பாய். அதிலிருந்து புறப்படும் வயர் ரோப், சாய்வாக முன்னே நீண்டிருக்கும் பெரிய இரும்புச் சட்டமான பூமின் நுனியிலுள்ள கப்பிகளின் மேல் ஏறி இறங்கி வாளியைப் பிடித்திருக்கிறது. பாறைக்குள் தள்ளுவது வேறு அமைப்பு: பூமின் நடுவே குறுக்காகச் செல்லும் தண்டிலுள்ள பினியன்கள் என்ற சிறு பல்சக்கரங்கள், வாளிக் கையின் அடிப்புறத்துப் பல்வரிசையைக் கடித்து அதை முன்னும் பின்னும் நகர்த்தும். ஆபரேட்டர் அவசரப்பட்டு அளவுக்கு மீறித் தள்ளினால் பூமே சற்று மேலெழும்பும், அதைத் தாங்கும் கயிறுகள் தொய்ந்துபோகும், அடுத்த கணம் பூம் தன் முழு எடையோடு அந்தக் கயிறுகளில் விழும். பூமின் அடிமூட்டில் விரிசல் தோன்ற இது ஒரு முக்கியக் காரணம். வாளியின் அடிக்கதவு, தாழை இழுத்ததும் தன் எடையாலேயே திறந்து, வாளி இறங்கும்போது தானே மூடிக்கொள்ளும். இவ்வளவு பெரிய இயந்திரத்தில் இவ்வளவு எளிய ஏற்பாடு இருப்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

ஆனால் வாளிப் பற்களும் வயர் ரோப்பும் தேய்ந்து மாற்றப்படுவதற்கென்றே இருப்பவை. நான் முதலில் கற்கச் சொல்வது, மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சந்திக்கும் இடத்தை. மிகப்பெரிய ஷவல்களின் மொத்த எடை 1,400 டன் அளவுக்கு வரும். அதில் மோட்டார்கள், டிரம், பூம், பின்னால் எடையைச் சமன்செய்யும் கவுன்டர்வெயிட் என்று மேலே இருப்பதெல்லாம், இரண்டு தண்டவாள வளையங்களுக்கு நடுவே வட்டமாக அடுக்கிய உருளைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வாளி பாறையை வாரும்போது சுமை முன்புற உருளைகளுக்குப் போகும். வாளி வெறுமையானதும் கவுன்டர்வெயிட்டால் பின்புறம் சாயும். மேல்பகுதி தூக்கிக்கொள்ளாமல் நடுவில் பிடித்திருப்பது சென்டர் பின் என்ற தண்டு. அதன் பெரிய நட்டில் இடைவெளி கூடிவிட்டால் ஒவ்வொரு வாரலுக்கும் மேல்பகுதி ஆடும், உருளைகளும் தண்டவாளங்களும் விரிசல் விடத் தொடங்கும். அவற்றை மாற்ற மேல்பகுதியையே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும் என்றால் செலவை நீயே கணக்கிட்டுக்கொள். ஸ்விங் பினியன்கள் கீழேயுள்ள பெரிய பல்வளையத்தைக் கடித்தபடிதான் மேல்பகுதியைத் திருப்புகின்றன. அள்ளிக் கொட்டித் திரும்பும் நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகிறது. கிரீஸ் விஷயத்தில் அவன் கஞ்சத்தனம் காட்டவே கூடாது.

ஷவலைத் தரையில் நகர்த்தும் சங்கிலிப் பட்டையான கிராலர் மெதுவாகத்தான் நகரும், அதுவும் எப்போதாவது. அதைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம். மின்சாரம் தரையில் கிடக்கும் ட்ரெய்லிங் கேபிளில் வந்து, நடுவில், சுழலும்போதும் மின்தொடர்பு விடாத ஸ்லிப் ரிங் வழியே மேலேறுகிறது. அதனால்தான் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கேபிள் முறுக்கிக்கொள்வதில்லை.

ஒன்று மட்டும் அவனிடம் கேட்டு எழுது. வாளியைத் தள்ளும் அமைப்பு எல்லா ஷவலிலும் ஒன்றல்ல: பி அண்ட் எச் நிறுவனத்தின் வகையில் நான் சொன்ன பல்வரிசை, பியூசைரஸ் நிறுவனத்தின் வழிவந்த பெரிய ஷவல்கள் பலவற்றில் அந்த வேலையையும் கயிறே செய்கிறது. அவனுடைய சுரங்கத்தில் இருப்பது பல்வரிசை என்றால், பினியன் தேய்மானத்தை எப்படி அளப்பது என்று படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜகோபால்