மாலதி, நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. உன் சின்னவன் பரீட்சை முடிந்து சுற்றிக்கொண்டிருக்கிறானாமே, டீச்சர் சொன்னார். சுற்றட்டும், விடு.

உன் கடிதத்தின் கடைசி வரிதான் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. "அமெரிக்கா தன் வரிப்பணத்தைத் தன் மக்களுக்கே வைத்துக்கொள்கிறேன் என்றால் அதில் என்ன தப்பு?" என்று, ஏழை நாடுகளுக்கான மருத்துவ உதவியை அது நிறுத்தியதைப் பற்றிக் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டாய். எப்போதும் இதுதான் உன் வழக்கம். வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வாய். இந்த முறை நான் விடுவதாக இல்லை.

நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நாட்டின் ஆஸ்பத்திரி காலம் முழுக்க இன்னொருவர் காசில் ஓடக் கூடாதுதான். ஆப்பிரிக்கத் தலைவர்களே 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அதைக் காப்பாற்றவில்லை. அமெரிக்கப் பணம் நின்ற பிறகு நைஜீரியா அவசரமாக 20 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்கியது. முன்பே செய்ய முடிந்திருக்கிறதே என்று எனக்கும் கோபம் வந்தது.

ஆனால் நிறுத்திய விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2025 ஜனவரி 20இல் டிரம்ப் பதவியேற்றார். அன்றைக்கே வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்க உத்தரவு. அடுத்த நான்கு நாளில், நடந்துகொண்டிருந்த வேலைகளையும் அப்படியே போட்டுவிடச் சொல்லி ஆணை. உயிர்காக்கும் வேலைகளுக்கு விலக்கு உண்டு என்று பிறகு சொன்னார்கள். விலக்கு காகிதத்தில் வந்தது, பல இடங்களுக்குப் பணம் வரவில்லை. மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ அறிவித்தார். கென்னடி காலத்தில், 1961இல் தொடங்கிய அந்த அமைப்பையே ஜூலை 1இல் மூடிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த நாட்டின் மொத்த வெளிநாட்டு உதவியே அரசுச் செலவில் ஏறக்குறைய 1 சதவீதமாகத்தான் இருந்தது.

நாம் வேலை பார்த்தபோது வைத்திருந்த டிஃபால்டர் லிஸ்ட்டை, மருந்தைப் பாதியில் விட்டவர்கள் பட்டியலை, நினைத்துப் பார். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டாவது மாதமே இருமல் அடங்கும், சாப்பாடு இறங்கும், "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று நிறுத்திவிடுவார்கள். நீ வாசலில் போய் நிற்பாய். திட்டு வாங்குவாய், மறுநாளும் போவாய். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும், வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டும் என்று எத்தனை பேரிடம் தொண்டை வற்றப் பேசியிருப்பாய்! அந்த மாலதியா, தாங்களாக எதையும் நிறுத்தாத நோயாளிகளை ஒரே உத்தரவில் டிஃபால்டர் ஆக்கியதைப் பார்த்து "என்ன தப்பு" என்று கேட்கிறாள்?

எச்ஐவி இன்னும் மோசம். மாத்திரை நின்ற சில வாரங்களிலேயே ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறிவிடும். 90 நாள் ஆய்வு முடியும்வரை அது காத்திருக்காது. அதிபர் புஷ் 2003இல் தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டத்தின் ஆதரவில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் கர்ப்பிணிகளை மட்டும் யோசி. மருந்து கிடைக்காவிட்டால் தாயிடமிருந்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். ஒழுங்காகக் கிடைத்தால் 5க்கும் கீழே. தொற்றோடு பிறந்து, சிகிச்சையும் இல்லாத குழந்தைகளில் பாதி இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. இது தெரியாமல் நடந்த விபத்து இல்லை, மாலதி. இத்தனை வருடமாக எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கேள், உனக்கு உடனே புரியும். அங்கே மாத்திரையை வாங்குவது பெரும்பாலும் அவர்கள் அரசே. அமெரிக்கப் பணம் எச்ஐவி செலவில் ஏறக்குறைய 17 சதவீதமாகத்தான் இருந்தது. அப்படியானால் சமாளித்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த 17 சதவீதம் போனது யாருக்கு? வராத நோயாளிக்கு போன் செய்கிறவர், பரிசோதனைக்குச் சம்மதிக்க வைக்கிறவர், முடிவுகளைக் கணினியில் ஏற்றுகிறவர். உன்னையும் என்னையும் போன்றவர்கள். அலமாரியில் மாத்திரை இருக்கும், வராதவரைத் தேடிப் போக ஆள் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைவால் எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வேர்க்கடலை விழுது பாக்கெட் தெரியுமல்லவா, பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை, சத்துகள் எல்லாம் கலந்தது? உள்ளங்கை அளவுதான், 92 கிராம், 500 கலோரி. கலக்கத் தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம். மூலையைக் கிழித்துக் கொடுத்தால் குழந்தை அப்படியே சப்பிச் சாப்பிடும். சில வாரங்களில் கன்னத்தில் சதை பிடிக்கும். அதைத் தயாரிக்கும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கிடங்குகளில் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தது. தயாரித்த உணவு ஒரு பக்கம், பசித்த வாய் ஒரு பக்கம். இதில் யாருடைய வரிப்பணம் மிச்சமானது, நீயே சொல்.

இதன் விளைவு எவ்வளவு என்று லான்செட் மருத்துவ இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. வெட்டு இப்படியே தொடர்ந்தால் 2030க்குள் கூடுதலாக 1 கோடியே 40 லட்சம் மரணங்கள், அதில் 45 லட்சத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மதிப்பீடுதான், கூடலாம், குறையலாம். ஆனால் சரிபார்க்கவே வழியில்லாமல் போய்விடுமோ என்பதுதான் என் பெரிய பயம். 1984இலிருந்து சுமார் 90 நாடுகளில் வீடு வீடாகப் போய், எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன என்று கேட்டுப் பதிந்த டிஎச்எஸ் என்ற மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பும் அமெரிக்கப் பணத்தில் ஓடியதுதான்; அதையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். பல ஏழை நாடுகளில் பிறப்பு, இறப்புப் பதிவேடே ஒழுங்காகக் கிடையாது. அந்தச் சர்வேதான் முக்கியமான கணக்கு. அதுவும் இல்லையென்றால், இறந்த பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள்.

இனி அமெரிக்காவே காலத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடமோ ஐந்து வருடமோ கெடு வைத்து, ஆளுக்கு ஆள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகியிருக்கலாம். லீவு போடும்போதுகூட நாம் ரிஜிஸ்டரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தானே போனோம்?

சரி, விசேஷம். டீச்சருக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாதம். "பெரிய டாக்டர்" வழக்கம்போலத் தானே செய்துகொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீ போன் செய்து அடக்கு. அப்புறம், நீ முன்பு டவுன்லோட் செய்து வைத்திருந்த அந்த டிஎச்எஸ் கோப்புகள் பழைய லேப்டாப்பில் இருந்தால் அழித்துவிடாதே, எனக்கு ஒரு பிரதி அனுப்பு. என்னிடம் இருப்பதில் மலாவியும் ஜாம்பியாவும் அரைகுறையாக இருக்கின்றன. நான் சொன்னதை மறுப்பதானால் இரண்டு வரியில் வேண்டாம், உட்கார்ந்து நிதானமாக எழுது.

அன்புடன்,
வசந்தி