டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவண அடைவு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் மருத்துவப் பணி தொடர்பான ஆவணங்களின் அடைவு, அதாவது தலைப்புவாரியான பட்டியல், அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் ஒரு பெயருக்குத்தான் இடம். மற்றவர்களுக்காக இந்த மடல்.

அவர் பெயரைச் சொன்னதும் தேவதாசி முறை ஒழிப்பு நினைவுக்கு வரும், வர வேண்டியதுதான். ஆனால் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதும், எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்ததும் பெரும்பாலான கட்டுரைகளில் ஒரே வரியோடு முடிந்துவிடும். டாக்டர் என்பது ஏதோ பெயருக்கு முன்னால் வைத்த மரியாதை போல. அந்த ஒரு வரிக்குள் போய்ப் பார்க்கலாம் என்று தொடங்கிய வேலை இது.

முதல் நன்றி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஊழியர்களுக்கு. அரசாணைக் கட்டுகளை எடுத்துத் தந்த அண்ணன் ஒருவர், நொறுங்கும் நிலையில் இருந்த தாள் எதையும் விரலால் புரட்ட விடமாட்டார். அடியில் ஒரு பட்டர் பேப்பரை நுழைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, மறுபக்கம் படுக்க வைப்பார். பேனாவைப் பார்த்தால் முறைப்பார். தன் சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்து நீட்டுவார். அவரிடம் வாங்கிய பென்சில்களில் ஒன்றுகூடத் திரும்பப் போகவில்லை. அண்ணே, கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறொரு நூலகத்தில் நான் தேடிய தொகுதியில் வேண்டிய பக்கங்கள் மட்டும் பிளேடால் வெட்டப்பட்டிருந்தன. பெயர் வேண்டாம். வெட்டியவருக்கு நன்றி இல்லை. விடுபட்ட பகுதியைத் தம் வீட்டுச் சேகரிப்பிலிருந்து படியெடுத்து அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு உண்டு.

முத்துலட்சுமியின் தாள்கள் ஒரு பெரும் தொகுப்பாக டெல்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில் இருக்கின்றன. நேரு நினைவு நூலகம் என்று அறியப்பட்ட அதற்கு 2023-இல் பெயர் மாறியது. எனக்கு அங்கே போய் நாள்கணக்கில் தங்க வசதிப்படவில்லை. டெல்லியில் ஆய்வு செய்யும் ஒரு தங்கை, தன் வேலையை ஒதுக்கிவிட்டு எனக்காக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். கையெழுத்து புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் புள்ளி வைத்து விட்டுவிடுவாள். அந்தப் புள்ளிகளைத்தான் நான் மிகவும் நம்பினேன். நீ முனைவர் பட்டம் வாங்கும் நாளில் பூங்கொத்தோடு நான் வருவேன், அம்மா.

மெய்ப்புப் பார்த்த பேராசிரியை அம்மாவின் சிவப்பு மையையும் சொல்லியாக வேண்டும். பின்னட்டைக்கென்று எழுதி வந்த விளம்பர வாசகத்தில் ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று இருந்தது. ஒரே கோட்டில் அடித்துவிட்டார். ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் 1886-இலேயே மருத்துவம் படித்து முடித்தவர்கள். முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டு ஜூலை 30-இல்தான். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தால், மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் 1875-இலேயே அங்கே சேர்ந்திருக்கிறார்கள். முத்துலட்சுமிக்கு இல்லாத பட்டத்தைச் சூட்ட வேண்டிய தேவையே இல்லை. 1927-இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்.

மேலவை விவாதங்களை ஒரு மருத்துவரின் கண்ணோடு வாசிக்க வைத்தவர், அரசுப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்த ஒரு குழந்தை மருத்துவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை என்று முத்துலட்சுமி அங்கே கேட்டவற்றைப் பார்த்துவிட்டு, “இது அரசியல் பேச்சு இல்லைங்க, வார்டு ரவுண்ட்ஸ்” என்றார். அடைவில் அந்தப் பதிவுகள் சமூகச் சீர்திருத்தம் என்ற தலைப்பிலிருந்து மருத்துவம் என்ற தலைப்புக்கு இடம் மாறியது அவரால்தான்.

புற்றுநோய்ப் பகுதிக்கு உதவிய ஓய்வுபெற்ற செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. முத்துலட்சுமியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்திருக்கிறார்கள். 1925-இல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போன முத்துலட்சுமி அங்கே புற்றுநோய் மருத்துவமனையைப் பார்க்கிறார். அவர் முயற்சியால் சென்னை அடையாற்றில் 1952-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை திறக்கிறது, படுக்கைகள் பன்னிரண்டு. இதுவரை என் குறிப்பேட்டில் இருந்தது. பன்னிரண்டு படுக்கை என்றால் அந்தக் காலத்தில் என்ன வேலை என்பதை அக்காதான் சொன்னார். கட்டியைக் கதிர்வீச்சால் அழிக்க உடலில் செருகும் ரேடியம் ஊசிகளை நோயாளிக்கு வைக்கும்போது எண்ணி வைக்க வேண்டும். எடுக்கும்போதும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் படுக்கை விரிப்பு, பஞ்சு, கட்டுத்துணி எல்லாவற்றையும் அலசிப் பார்த்த பிறகுதான் குப்பை வார்டை விட்டு வெளியே போகும். அவர் வேலைக்குச் சேர்ந்தது பல ஆண்டு கழித்து, வேறோர் ஊரில். ஆனாலும் அந்த எண்ணிக்கைப் பழக்கம் மாறவில்லை என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

தட்டச்சு செய்த தம்பி, அட்டை வரைந்த தோழி, தாள் விலை ஏறிய பிறகும் பழைய விலைக்கே அடித்துக் கொடுத்த அச்சகத்தார், முன்பணம் அனுப்பிய நண்பர்கள், இரவெல்லாம் மேசை விளக்கைப் பொறுத்துக்கொண்ட வீட்டார், எல்லோருக்கும் என் அன்பு.

உதவிய ஒவ்வொருவருக்கும் ஒரு படி தபாலில் வருகிறது. முகவரி மாறியவர்கள் தெரிவிக்கவும். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் 1920-க்கு முன் பணியாற்றிய பெண்களின் படமோ கடிதமோ யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், தயவுசெய்து ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிடாதீர்கள். முதலில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பட்டர் பேப்பரோடு வருகிறேன்.

நன்றியுடன்,
தொகுப்பாளர்