கடலை போடுவது வெட்டி வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் இளைஞர் பக்கத்தில், ‘வேலை வெட்டி இல்லாமல் கடலை போட்டே காலத்தைக் கழிக்கும் இளைஞர்கள்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதையே பெரிய எழுத்தில் தலைப்பாகவும் போட்டிருக்கிறீர்கள். காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண் காட்டில் மார்கழிப் பட்டத்துக்கு நிலக்கடலை விதைக்காய் உடைத்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்கும் அந்தப் பத்திரிகை வந்தது. படித்தவர்களுக்கு மனம் ஆறவில்லை.

பேச்சு வழக்கு தெரியாமல் எழுதவில்லை. பையனும் பெண்ணும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் கல்லூரிப் பிள்ளைகள் அதைக் ‘கடலை’ என்கிறார்கள். பேச்சு நீண்டால் ‘வறுக்கிறான்’, இன்னும் நீண்டால் ‘கருகுற வாடை வருது’. அவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொண்டாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தாங்கள் வியாழன்தோறும் விவசாயப் பக்கம் நடத்துகிறவர். கடலை போடுதல் என்றால் முதலில் நிலக்கடலை விதைப்பதுதான் என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அச்சில் ஏற்றியதுதான் வருத்தம்.

அந்தக் கட்டுரை எழுதியவருக்காகச் சொல்கிறோம். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். பருப்பு பருமனான ரகமென்றால் இன்னும் கூட. பருப்பாக உடைத்து வைத்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும் என்பதால் காயாகவே வைத்திருந்து, விதைப்புக்குச் சில நாள் முன்புதான் உடைக்க வேண்டும். அதுவும் கையால். இயந்திரத்தில் கொடுத்தால் மேல்தோல் உரியும், பருப்பு பிளக்கும். தோல் உரிந்த பருப்பு மண்ணுக்குள் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். சுருங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழித்த பிறகு, அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் கலந்து, அப்புறம் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கரைத்துப் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் அந்த நுண்ணுயிர் செத்துவிடும், செய்த வேலை வீண்.

வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர், ஆழம் 4 முதல் 5 சென்டிமீட்டர். ஏர் முன்னால் போக, சாலில் ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டு பெண்கள் பின்னால் குனிந்தபடி நடப்பார்கள். ஆழமாகப் போனால் முளை மேலே வராது. மேலாக விழுந்தால் காக்கையும் அணிலும் மயிலும் விடாது. போட்ட மறுநாள் ஒரு மழை அடித்துவிட்டு வெயில் காய்ந்தால், செம்மண் மேலே ஓடு கட்டிப் பாதி முளை உள்ளேயே முடங்கிவிடும்.

முளைத்த பிறகுதான் உண்மையான வேலை. 20ஆம் நாள் ஒரு களை. 40 முதல் 45 நாளுக்குள் இரண்டாவது களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். இதை ஒத்திப்போட முடியாது. கடலைப் பூ மேலே பூக்கும், காய் மண்ணுக்குள் பிடிக்கும். பூவிலிருந்து விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் நுழைந்தால்தான் காய். அந்தக் காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து வேர் வழியாக வருவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் ஜிப்சத்தை விழுது இறங்கும் இடத்திலேயே போடுகிறோம். போடாவிட்டால் செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்கு. மண் அணைத்த பிறகு களைக்கொட்டு உள்ளே போகக் கூடாது, விழுது அறுந்துவிடும். அதற்குமேல் சிவப்புக் கம்பளிப் புழு, டிக்கா இலைப்புள்ளி நோய், இரவில் காட்டுப்பன்றி. காவல் இருப்பவருக்குத் தூக்கம் கிடையாது.

அறுவடையும் நாள் கணக்கை மட்டும் பார்த்துச் செய்வதல்ல. 100 நாள் கடந்ததும் இரண்டு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உள்பக்கம் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் முற்றியது, வெளுத்திருந்தால் இன்னும் இளசு. கொத்து ரக நிலக்கடலையைச் சில நாள் கூடுதலாக விட்டால், ஈரம் பட்டதும் காட்டிலேயே முளைத்துவிடும். மண் காய்ந்து இறுகிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளே தங்கிவிடும். பிடுங்கி, ஆய்ந்து, ஈரம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் நஞ்சு ஏறிவிடும். சரியாகக் காய்ந்த காயைக் காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்கும்.

இத்தனையையும் தெரிந்துவைத்திருக்கிறவர்களின் பிள்ளைகள் இன்று டவுன் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ‘அப்பா என்ன செய்றார்?’ என்று கேட்டால், ‘கடலை போட்டிருக்கார்’ என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. அதனால் ‘விவசாயம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குத் தங்கள் தலைப்பும் துணை போயிருக்கிறது, ஐயா.

இது ஒரு சொல்லோடு நிற்கவும் இல்லை. ஏமாற்றினால் அல்வா கொடுத்தான், பொய் சொன்னால் வடை சுட்டான், காது குத்தினான், பணம் இல்லாத சினிமாக் கம்பெனி உப்புமாக் கம்பெனி. தங்கள் அரசியல் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது இதில் ஒன்று வருகிறது. கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, தெளியவைத்து, கை ஓயாமல் கிண்டுகிறவருக்கு ‘அல்வா கொடுத்தான்’ என்பதைப் படிக்க எப்படி இருக்கும்? குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்துச் செய்கிற சடங்கு காது குத்து. அதுவா பொய்க்குப் பெயர்?

செட்டிநாடு என்ற எங்கள் வட்டாரப் பெயருக்கே புதுப் பொருள் உண்டாக்கிவிட்டார்கள். செட்டிநாடு என்றால் காரம். தங்கள் சமையல் பக்கத்திலேயே ‘செட்டிநாடு சுவை வேண்டுமானால் மிளகாய்த்தூளை இரட்டிப்பாக்குங்கள்’ என்று குறிப்பு வந்தது. அப்போதும் எழுதினோம், வெளியிடவில்லை. வெள்ளைப் பணியாரத்தில் ஏது மிளகாய்த்தூள்? ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் கோபுரமாக உளுந்து வைத்து அளந்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல ஆட்டி, புளிக்கவிடாமல் உடனே கடலை எண்ணெயில் ஊற்றி எடுப்பது அது. கும்மாயமும் கவுனி அரிசியும் இனிப்பு. கறிக்குழம்பிலும் முன்னால் நிற்பது மிளகு, சோம்பு, கல்பாசி, மராட்டி மொக்கு. அவற்றை அன்றன்றைக்கு வறுத்து அரைப்பதில்தான் மணம்.

இவ்வளவும் எழுதிவிட்டு நாங்கள் கேட்பது இரண்டே. பேச்சு வழக்கில் எழுதத்தான் வேண்டுமென்றால், கடலை போடுவதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இன்னொன்று தங்கள் சந்தை நிலவரம். அதில் ‘கடலை’ என்று ஒரே வரியாக விலை வருகிறது. நிலக்கடலையா, கொண்டைக்கடலையா? காயா, பருப்பா? 100 கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோதான் பருப்பு வரும். பருப்பு விலையைக் காய் விலை என்று எண்ணி வியாபாரியிடம் போகிறவர் வாய்பேச முடியாமல் திரும்புகிறார். அடுத்த வாரம் முதல் நிலக்கடலைக் காய், நிலக்கடலைப் பருப்பு என இரண்டு வரியாகப் பிரித்து, மூட்டை எத்தனை கிலோ என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலை விவசாயிகள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்